ஞானதுரை இடித்த மாடி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே சிரிக்கும். லாட்ஜ்காரர் சிரிப்பார். ஆட்டோக்காரர் சிரிப்பார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் உள்ளங்கைகளை உரசிச் சூடேற்றிக்கொண்டே சிரிப்பார். அருவிக்குப் போகிற சாலையில் துண்டும் அரைக்கால் சட்டையும் சோப்பும் விற்கிற ஞானதுரையும் நியாயப்படி சிரிக்க வேண்டியவர்தான். மீதி நாளெல்லாம் ஈ ஓட்டிவிட்டு, சீசனில் விற்கிற துண்டில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் முதல் தூறல் மூக்கில் பட்டதும் அவர் அருவிப் பக்கம் திரும்புவதில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் நிற்கும் தன் வீட்டைப் பார்ப்பார். அதிலும் அந்த வீட்டின் மேலச் சன்னலைத்தான் பார்ப்பார்.

தென்காசிச் சீமையில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேலத் தெரு என்பது ஆகாயத்தில் மிதக்கிற தெரு இல்லை. கீழத் தெருக்காரர்கள் பாதாளத்தில் குடியிருக்கவும் இல்லை. இந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை சொல்லிவைத்துவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டதற்குத்தான் ஞானதுரை இன்றைக்கு மாடி இடித்த மனிதராக நிற்கிறார்.

மேற்கே மலை. மலையிலிருந்து இறங்குகிற காற்று, சாரலைச் சுமந்துகொண்டு நேராக வந்து மோதுகிற முதல் சுவர் அவர் வீட்டுச் சுவர். அதில் ஒரே ஒரு சன்னல். மரச் சட்டம், நடுவில் இரும்புக் கம்பிகள், வெளிப்பக்கம் இரண்டு மரக் கதவுகள். ஒரு கதவைக் கரையான் தின்று முடித்திருந்தது; இன்னொன்றைத் தின்னலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சன்னலுக்குக் கீழே கட்டில். கட்டிலில் ரூபி.

ரூபிக்கு ஐம்பத்தேழு வயது. ஈரக் காற்று பட்டால் மூச்சு இளைக்கும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், ரூபி 'வீசிங்' என்பாள், ஞானதுரையின் காதுக்கு அது மூடி பொருந்தாத இட்லிச் சட்டியின் சத்தம். வேறு அறைக்கு மாறலாம் என்றால், அந்த வீட்டில் ஓர் அறை, முன்கூடமாக ஒரு பட்டாசாலை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். சன்னல் வழியே நுழைகிற ஈரம் அரை மணி நேரத்தில் அடுப்படி உப்புச் சாடி வரை போய்விடும். சீசன் பிந்தினால் அவருக்கு வியாபாரம் போச்சு. சீசன் முந்தினால் அவளுக்கு மூச்சு போச்சு. கோயிலில் மழைக்காக ஜெபம் பண்ணச் சொல்லும்போது புருஷனும் பெண்சாதியும் கண்ணை மூடிக்கொள்வார்கள். யார் ஆண்டவரிடம் எதைக் கேட்டார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்ததில்லை.

ஞானதுரை விதிக்குக் கட்டுப்பட்ட ஆள். இந்த விதி, தலையில் எழுதியது இல்லை, சுவரில் எழுதியது. மகள் ஜெனியை வழியனுப்பத் தென்காசி ஸ்டேஷனுக்குப் போனால் பிளாட்பாரம் டிக்கெட் எடுப்பார். அதைக் கேட்க ஆள் இல்லாவிட்டால், கேட்க வேண்டிய ஆளைத் தேடிப் போய்க் காட்டிவிட்டு வருவார். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்ற போர்டைப் படித்துக் கீழ்ப்படிந்த ஒரே மனிதர் குற்றாலத்தில் அவர்தான். குரங்குகள் அவரைத் தனியாகக் குறித்து வைத்திருந்தன.

தென்காசி தனி மாவட்டம் ஆனது. புது மாவட்டத்துக்குப் புது ஆபீஸ்கள் வந்தன, புது போர்டுகள் வந்தன, புது ஜீப்புகள் வந்தன. பிறகு மேலே யாருக்கோ ஞாபகம் வந்தது: புது மாவட்டத்துக்குப் பழைய கட்டடங்களும் வேண்டுமே! பழங்கட்டடக் குழு என்று ஒன்று சென்னையிலிருந்து பட்டியல் போடக் கிளம்பி வந்தது. மூன்று பேர், கழுத்தில் கேமரா.

அருவிச் சாலையில் நின்றுகொண்டு, ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த பாண்டியராஜிடம், எதிரே இருந்த ஓட்டு வீட்டைக் காட்டி, "அது யார் வீடு?" என்று கேட்டார்கள்.

"அதுவா சார், துரை வீடு" என்றான் பாண்டியராஜ்.

மூன்று பேரின் கண்ணும் ஒரே நேரத்தில் விரிந்தது. துரை! வெள்ளைக்காரத் துரை! கோடைக்கு வந்து தங்கிய துரை!

அந்தத் துரை, ஞானதுரையின் தாத்தா பாக்கியத்துரை. வாழைக்காய் வியாபாரி. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் துரை என்பது தொப்பி வைத்த ஆள் இல்லை. செல்லத்துரை, தங்கத்துரை, ராஜதுரை என்று தெருவுக்கு நாலு துரை உண்டு, நாலு பேரில் மூன்று பேர் லுங்கியில் இருப்பார்கள். ஞானதுரை கடையை விட்டு இறங்கி ஓடி வந்து இதை விளக்கினார்.

"சார், துரைங்கிறது எங்க தாத்தா."

குழுத் தலைவர் கனிவாகச் சிரித்தார். "ஓ, உங்க தாத்தா துரைகிட்ட வேலை பார்த்தாரா?"

ரூபி டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆறு மாதத்தில் சான்றிதழ் வந்தது. 'துரை பங்களா, கோடை வாசஸ்தலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஒரு தளம்.' உண்மையைச் சொன்னால் ஞானதுரைக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தாத்தா வாழைக்காய் விற்ற பணத்தில் கட்டிய வீடு பங்களா ஆகிவிட்டது. தப்பு என்று தெரிந்தாலும், கவர்ன்மெண்ட் முத்திரையோடு வந்த தப்பு. சட்டம் போட்டு, பட்டாசாலையில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"அதுக்கு அடிச்ச ஆணியில ஒண்ண அந்தச் சன்னல் கதவுக்கு அடிச்சிருக்கலாம்" என்றாள் ரூபி.

அடுத்த சீசனின் முதல் காற்றில் அந்தக் கதவு கீலோடு கழன்று சாலையில் விழுந்தது. ஞானதுரை கடையில் இருந்தபடியே பார்த்தார். கம்பிகளுக்குப் பின்னால் ரூபி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து உட்கார்வதும் தெரிந்தது.

கடையநல்லூர் அஃப்சலுக்கு ஆள் அனுப்பினார். துபாயில் பதினோரு வருஷம் கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு ஊர் திரும்பி, அலுமினியச் சன்னல் பட்டறை போட்டிருக்கிறவன். டேப்பைப் பிடித்து அளந்தான். நாலடிக்கு மூணடி.

"சறுக்குற மாதிரி கண்ணாடிக் கதவு, அண்ணாச்சி. சாரல் வந்தா மூடிக்கிடலாம், வெயில் வந்தா தொறந்துக்கிடலாம். அக்கா மேல ஒரு பொட்டுத் தண்ணி விழாது. விழுந்தா என் பேர மாத்துதேன்."

அப்போதுதான் ஞானதுரை, சான்றிதழோடு வந்த விதிப் புத்தகத்தை எடுத்தார். முப்பத்திரண்டு பக்கம். அச்சடித்தவர் தவிர அதை முழுதும் படித்த மனிதர் இந்த மாவட்டத்திலேயே அவராகத்தான் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள கட்டடத்தின் சன்னலை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அலுமினியம் கூடாது. பிளாஸ்டிக் கூடாது. கண்ணாடி முன்பு இருந்தாலொழிய இப்போது கூடாது. பழைய மரம் எதுவோ அதே மரம், பழைய கீல் எதுவோ அதே கீல், பழைய நிறம் எதுவோ அதே நிறம். நிறத்தைக் கண்டுபிடிக்க வர்ணத்தை அடி வரை சுரண்டிப் பார்க்க வேண்டும். சுரண்டுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

அஃப்சல் டேப்பைச் சுருட்டினான். "அண்ணாச்சி, நாப்பத்திரண்டாவது மாடியில கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி மாட்டுனவன் நான். எந்த ஷேக்கும் இவ்ளோ படிக்கச் சொல்லல. வெள்ளிக்கிழமை தொழுக முடிஞ்சு வாரேன். ரெண்டு மணி நேர வேல. ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே பாய்."

உள்ளேயிருந்து ரூபியின் குரல் வந்தது. "தெரிஞ்சா என்ன? நீங்களே ஒங்களப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பியளோ?"

கொடுத்தாலும் கொடுப்பார் என்று அஃப்சலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஞானதுரை இ-சேவை மையத்துக்குப் போனார். அங்கே ஸ்ரீதேவி என்ற பெண் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் ஏற்றிக் கொடுப்பாள்.

"எந்தப் பகுதின்னு கேக்கு அண்ணாச்சி."

"மேலச் சன்னல்னு போடும்மா."

ஸ்ரீதேவி போட்டாள். உள்ளூர்ப் பெண், அவளுக்கு அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. திரை ஒருமுறை சிமிட்டியது.

"தமிழ்ல அடிச்சா அதுவே இங்கிலீஷ் ஆக்கிக்கிடும் அண்ணாச்சி. சென்னையில படிக்கதுக்கு வசதியா."

"பரவால்லயே" என்றார் ஞானதுரை. அது என்ன ஆக்கிக்கொண்டது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. ரசீது வந்தது. நான்காய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரசீதை வைத்துச் சன்னலை அடைக்க முடியாது. ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிச் சன்னலுக்கு வெளியே கட்டினார். நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது: நீல நிறம் கட்டடத்தின் தொன்மைத் தோற்றத்துக்கு ஊறு விளைவிக்கிறது. அவிழ்த்து உள்பக்கம் கட்டினார். தண்ணீர் தார்ப்பாயில் வழிந்து நேராகக் கட்டிலுக்குப் போயிற்று. இத்தனைக்கும் பக்கத்து மனையில் ஆறு மாடிக்கு ஒரு ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. தலை முதல் கால் வரை கண்ணாடி. அதைக் கேட்பார் இல்லை, ஏனென்றால் அது பட்டியலில் இல்லை. அதன் விளம்பரத்தில், எல்லா அறைகளிலிருந்தும் பழங்கால ஆங்கிலேயர் பங்களா ஒன்றைப் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். அப்படிப் பார்க்கிறவர்களுக்கு ரூபி இருமுவது கேட்காது. கண்ணாடி நல்ல கனம்.

அந்த ஆடியில் ரூபி தென்காசி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மூக்கில் மருந்துப் புகை விடுகிற முகமூடியோடு கிடந்தாள். வீட்டு ஈரம் ஆகாது, அடுத்த வருஷம் இப்படி வந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜெனி வந்து, "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"என் வீட்ட விட்டுட்டு நான் எங்கட்டி வர?" என்றாள் ரூபி. "அப்பா எழுதிப் போட்டிருக்காவ. அடுத்த சாரலுக்குள்ள சன்னல் வந்துரும்."

ஞானதுரை தலையாட்டினார். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரசீது இருந்தது.

பதில் மாசி மாதம் வந்தது. பதிவுத் தபால். ஞானதுரை கையெழுத்துப் போட்டு வாங்கி, கை துடைத்துவிட்டுப் பிரித்து, ரூபிக்கு உரக்க வாசித்தார்.

'பட்டியலிடப்பட்ட தங்கள் ஒரு தளக் கட்டடத்தில் மேல்தளச் சன்னலை மாற்ற அனுமதி கோரியுள்ளீர்கள். இதன்வழி, மேற்படி கட்டடத்தில் அனுமதியின்றி மேல்தளம் ஒன்றைத் தாங்கள் எழுப்பியுள்ளமை தங்கள் எழுத்து மூலமாகவே தெரியவருகிறது. அம்மேல்தளத்தை ஏன் இடிக்க உத்தரவிடக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.'

ரூபி முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இளைப்பாக மாறி, மருந்துக் குழாயை வாயில் வைத்து இரண்டு அழுத்து அழுத்திய பிறகுதான் அடங்கியது.

தென்காசியில் குழுவின் கிளை ஆபீஸ், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்தது. அங்கே உமா மகேஸ்வரி என்ற அம்மாள்தான் ஃபைல்களுக்குப் பொறுப்பு. ஞானதுரை நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, நான் மாடியே கட்டலம்மா."

"தெரியும் அண்ணாச்சி. உக்காருங்க."

"அது ஓட்டு வீடு. ஓட்டு மேல மாடி நிக்குமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"மேலச் சன்னல்னா மேக்குச் சன்னலும்மா."

உமா மகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கு ஊரே மேலகரம். எனக்கே மேலக்கு அர்த்தம் சொல்லுதியளா? உங்க மேலச் சன்னல் கம்ப்யூட்டர்ல ஏறயில 'அப்பர் ஃப்ளோர் விண்டோ' ஆயிட்டு. சென்னையில அதத்தான் படிச்சாவ."

"அப்ப நீங்க எடுத்துச் சொல்லலாமே."

"சொல்லாம இருப்பனா? மேலன்னா இந்த வட்டாரத்துல மேற்குன்னு குறிப்பு அனுப்பினேன். ஆதாரம் கேட்டாவ. அகராதியில ஜெராக்ஸ் எடுத்து வச்சேன். அதுல மேல்-ங்கிறதுக்கு முதல் அர்த்தம் உயரம். மேற்கு அஞ்சாவதாக் கிடக்கு. ஒண்ணுக்கு மேற்பட்ட அர்த்தம் இருந்தா முதல் அர்த்தமே செல்லும்னு பதில் வந்துட்டு."

கீழே கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்கம்மா. பாத்தா தெரியுமே."

வந்தார்கள். பங்குனியில், சென்னையிலிருந்து ஓர் அலுவலர். இளம் வயது, நல்ல மனிதர், தண்ணீர் பாட்டில்கூடச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார். சாலையில் நின்று, நெற்றிக்கு மேல் கை வைத்து ஓட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்தார்.

"மாடி எங்கே?"

"இல்ல சார்."

"எப்ப எடுத்தீங்க?"

"இருந்தாத்தான சார் எடுக்க முடியும்?"

"எடுத்ததனாலதான் இல்லைன்னும் சொல்லலாம் இல்லையா? நான் உங்களைச் சொல்லலை. ஃபைல்ல அப்படிக் கேட்பாங்க."

வீட்டைச் சுற்றி வந்தார். மேலச் சன்னலைத் தாண்டும்போது கம்பி வழியே வெளியே பறந்த தார்ப்பாய் முனை முகத்தில் அடித்தது, ஒதுக்கிவிட்டு நடந்தார். அதைப் பார்ப்பது அவருக்கு இட்ட வேலை இல்லை. கீழச் சுவரோரம் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

"ஓடு மாத்த சார்."

"மேலே போக."

"ஓடு மாத்த மேல போக" என்றார் ஞானதுரை. சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையை இனித் தன் ஆயுசுக்கும் வாயில் எடுக்கக் கூடாது என்று நினைத்தார். அலுவலர் எழுதிக்கொண்டார். அறிக்கை இரண்டே வரி: 'மேல்தளம் தற்சமயம் காணப்படவில்லை. ஏணி காணப்படுகிறது.'

சித்திரையில் உமா மகேஸ்வரி கூப்பிட்டு அனுப்பினாள். இந்தத் தடவை டீ வாங்கிக் கொடுத்தாள். டீயைப் பார்த்ததுமே சேதி நல்லது இல்லை என்று ஞானதுரைக்குத் தெரிந்துபோயிற்று.

"ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு, மாடி எந்தக் காலத்துலயும் இல்லன்னு நீங்க நிரூபிக்கணும். அதுக்கு கேஸ் போடணும், நாள் இழுக்கும். இன்னொண்ணு, கட்டுனேன், தப்புதான், இடிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டா இந்த ஃபைல் மூடிரும். இது மூடுனாத்தான் உங்க சன்னல் ஃபைல் தொறக்கும். ஒரே வீட்டுக்கு ரெண்டு ஃபைல் தொறந்து கெடக்கக் கூடாது."

"கட்டாததக் கட்டுனேன்னு..."

"அதுக்குன்னு ஃபாரம் இருக்கு. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரூபி வாங்கிப் படித்தாள்.

"இல்லாத மாடிய இடிச்சேன்னு சாட்சி சொல்லப் போறியளா? ஞாயித்துக்கிழம முன்னால நின்னு வேதம் வாசிக்கிற ஆளு நீங்க."

"ஒனக்காகத்தாண்டி."

"எனக்காக ரெண்டு மணி நேரத்துல ஒரு கண்ணாடியப் போட மாட்டிய. எனக்காகப் பொய் மட்டும் சொல்லுவிய, என்ன?"

"இதுக்கு ஃபாரம் இருக்கு ரூபி. அதுக்கு இல்ல."

ரூபி ஃபாரத்தை அவரிடமே நீட்டினாள். பேச மூச்சு வேண்டும்; அதை அவள் ஆனி ஆடிக்குச் சேர்த்து வைத்திருந்தாள். ஞானதுரை கையெழுத்துப் போட்டார். அறுபது வருஷத்தில் அவர் தெரிந்து சொன்ன முதல் பொய். இரண்டு சாட்சிகள் வேண்டுமென்று போட்டிருந்தது. பாண்டியராஜ் ஒரு கையெழுத்து, ஸ்ரீதேவி ஒரு கையெழுத்து. மாடி இடிந்ததை இரண்டு பேரும் கண்ணால் கண்டிருந்தார்கள்.

வைகாசி கடைசியில் உத்தரவு வந்தது. ஃபைல் மூடப்பட்டது என்று முதல் பத்தி சொல்லிற்று. இரண்டாவது பத்தி இப்படி: பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியற்ற கட்டுமானம் செய்ததாக ஒப்புக்கொண்டவர், விதிப் புத்தகம் இருபத்தொன்பதாம் பக்கத்தின்படி, ஐந்தாண்டுகளுக்கு எந்த மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க இயலாது. மேலும், மாதந்தோறும் கட்டடத்தின் நான்கு புறங்களையும் உரிமையாளரே படமெடுத்து ஏற்ற வேண்டும். மீண்டும் விதிமீறல் காணப்பட்டால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும்.

ஞானதுரை புத்தகத்தை எடுத்து இருபத்தொன்பதாம் பக்கத்தைப் பிரித்தார். அவர் அதைப் படிக்காமல் இல்லை. வரிக்கு அடியில் பென்சில் கோடுகூடப் போட்டிருந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: 'இது தப்புச் செய்கிறவர்களுக்கு.'

ஆனி மாதம் மூன்றாம் நாள் சாரல் கட்டியது. ஊரே சிரித்தது. ஐந்தாம் நாள் ஜெனி காரோடு வந்தாள். ரூபி இரண்டு சேலை, மருந்துப் பை, வேதப் புத்தகம் எடுத்துக்கொண்டாள். சமையல் சாமான் எது எது எங்கே இருக்கிறது என்று சொன்னாள். காபித்தூள் டப்பாவைச் சன்னல் அறையில் வைக்காதீர்கள், கட்டியாகிவிடும் என்றாள்.

"அஞ்சு வருஷந்தான்" என்றார் ஞானதுரை.

"ஆமா. அறுபத்திரண்டுல புதுப் பொண்ணா வாரேன்."

"ஏட்டி, சீசன் முடிஞ்சதும் வந்துரு."

"சீசன் முடிஞ்சா ஐப்பசி மழை. அது முடிஞ்சா மார்கழிப் பனி." அவள் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. சுவிட்சைத் தொட்டதும் ஏறியது.

அதன் பிறகு ஞானதுரை சாரலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லாமல் போயிற்று. கட்டிலைப் பட்டாசாலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். சன்னல் வழியாகச் சாரல் இஷ்டத்துக்கு வந்து போயிற்று. மாதம் பிறந்ததும் நான்கு புறமும் படமெடுத்து ஸ்ரீதேவியிடம் கொண்டுபோய் ஏற்றினார். கடையில் வியாபாரம் நன்றாக இருந்தது. அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது.

ஆடி மாதம் ஒரு மினி லாரியில் போர்டு வந்து இறங்கியது. பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கெல்லாம் விளக்கப் பலகை வைக்கிறார்கள். மாட்ட வந்தவர் இலத்தூர் ரத்தினம், காண்ட்ராக்ட்காரர். கையில் இருந்த உத்தரவைப் படித்தார்.

"மேற்குச் சுவர்ல, ரோட்டப் பாக்க மாட்டணும்னு இருக்கு அண்ணாச்சி."

"மேற்குன்னா போட்டிருக்கு? மேலன்னு போடலயா?"

"மேற்குன்னு தெளிவாப் போட்டிருக்கே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

பழைய சுவரில் துளை போடக் கூடாது என்றும் உத்தரவில் இருந்தது. ரத்தினம் தலையைச் சொறிந்தார். பிறகு, ஏற்கெனவே சேதமானது என்று ஃபைலில் ஏறியிருந்த சன்னல் சட்டத்தில் தகரப் பலகையை வைத்துப் பார்த்தார். நாலடிக்கு மூணடி. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. எட்டுத் திருகாணிகள், அரை மணி நேரம். மேலச் சன்னல் அடைபட்டது. ஞானதுரை உள்ளே போய்ப் பார்த்தார். இருட்டு. கையை நீட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை.

மறுநாள் சிவகிரியிலிருந்து போன் வந்தது.

"சாரல் எப்படி?" என்றாள் ரூபி.

"நல்ல சாரல். உள்ள ஒரு சொட்டு வரல."

"என்னது, சன்னல் போட்டாச்சா?"

"போர்டு போட்டாச்சு." அவர் வெளியே வந்து நின்று, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளுக்கு வாசித்துக் காட்டினார். "துரை பங்களா. ஆங்கிலேயத் துரை ஒருவரின் கோடை வாசஸ்தலம். முன்பு இரு தளங்களைக் கொண்டிருந்தது. மேல்தளம் தற்போதைய உரிமையாளரால் இடிக்கப்பட்டுவிட்டது."

அந்தப் பக்கம் ரூபி சிரித்தாள். முழுச் சிரிப்பு. எங்கேயும் இளைக்காமல், தடுக்காமல், கடைசி வரை ஓடி நின்றது. இப்படி அவள் சிரித்துக் கேட்டு அவருக்கு எத்தனை வருஷமோ ஆகியிருந்தது.

"அப்ப நான் வரட்டா? அதான் அடச்சாச்சே."

ஞானதுரை உள்ளே எட்டிப் பார்த்தார். வெளிச்சமும் காற்றும் ஒரே நாள்தான் போயிருந்தன. ஏற்கெனவே ஊறிக் கிடந்த சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது. ஈரத்துணி நாற்றம் அறையை விட்டுப் பட்டாசாலைக்கு வந்திருந்தது.

"வேண்டாம் ரூபி. அங்கனயே இரு."

"சரி" என்றாள். பிறகு, "மாடியில எனக்கு ஒரு கட்டில் போட்டு வையுங்க. அங்கன நல்லாக் காத்து வரும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் வந்தது. மதுரைப் பக்கம். வீட்டுக்காரர் போர்டை நின்று வாசித்தார். பெண்சாதிக்கும் வாசித்துக் காட்டினார். ஓட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுச் சாலையைக் கடந்து கடைக்கு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு பழைய கட்டடம்! எவனோ மாடியை இடிச்சிருக்கான் பாருங்க அண்ணாச்சி. இப்படிப்பட்டவனெல்லாம் இருந்தா நாடு எப்படி உருப்படும்? யாரு அந்த ஆளு, தெரியுமா?"

ஞானதுரை அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவி, உதறி, மேஜைமேல் வைத்தார்.

"நாந்தான் சார் இடிச்சேன்" என்றார். "தல நனைஞ்சிருக்கு. தொடச்சிக்கிடுங்க."